மைக்ரோவேவ் பாப்கார்ன் சாப்பிட்டால் நுரையீரல் கெட்டுவிடுமா? பைக்குள் இருப்பது என்ன?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. டிவியில் படம் ஆரம்பிக்கப் போகிறது. தட்டையாக மடித்த காகிதப் பை ஒன்றைப் பிரித்து மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்து பட்டனை அழுத்தினால் மூன்றே நிமிடம்தான். முதலில் ஒன்றிரண்டு 'டப்', அப்புறம் விடாமல் 'டப்டப்டப்'. பை தலையணை மாதிரி உப்பிக்கொள்ளும். வீடு முழுக்க வெண்ணெய் வாசனை.

கூடவே, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் ஞாபகம் வரும். "மைக்ரோவேவ் பாப்கார்ன் சாப்பிட்டா கேன்சர் வருமாம்", "பாப்கார்ன் லங்ஸ்னு ஒரு வியாதியே இருக்காம்". இதில் எது நிஜம், எது மிகை?

சுருக்கமான பதில் இதுதான். 'பாப்கார்ன் நுரையீரல்' என்பது கட்டுக்கதை இல்லை, உண்மையான நோய். ஆனால், அது பாப்கார்னைச் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோய் அல்ல. அதைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு வந்தது. வீட்டில் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவை பையின் பின்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. விரிவாகப் பார்ப்போம்.

பைக்குள் என்னவெல்லாம் இருக்கும்?

முதல் பொருள் மக்காச்சோளம். எல்லா மக்காச்சோளமும் பொரியாது. சுட்டுச் சாப்பிடும் கதிரின் மணிகளை உலர்த்தி வாணலியில் போட்டால் கருகுமே தவிர, பூப்போல விரியாது. பாப்கார்னுக்கென்று தனி ரகம் உண்டு. அதன் மேல்தோல் கண்ணாடி மாதிரி கெட்டியானது. உள்ளே சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும். சூடு ஏறும்போது அந்த ஈரம் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். சுமார் 180 டிகிரி செல்சியஸை எட்டும்போது தோல் வெடித்து, வெந்து இளகிய மாவு நுரையாகப் பொங்கி, அப்படியே இறுகிவிடுகிறது. தோலில் கீறல் விழுந்த மணிகளும், ஈரம் வற்றிப்போன மணிகளும் பொரியாமல் பையின் அடியில் தங்கிவிடுகின்றன.

இரண்டாவது பொருள் எண்ணெய். அறை வெப்பநிலையில் ஒழுகாமல் உறைந்து நிற்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் பாமாயில் சேர்க்கிறார்கள். மூன்றாவது உப்பு. அதன்பிறகு வெண்ணெய், சீஸ், தக்காளி மசாலா என்று வகைக்கு ஏற்றபடி மணமூட்டிகள். மஞ்சள் நிறத்துக்கு அன்னாட்டோ விதைச் சாறு, பீட்டா கரோட்டின், மஞ்சள் போன்றவற்றில் ஏதாவது ஒன்று. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க டிபிஹெச்க்யூ போன்ற பொருட்கள். லேபிளில் இது ஐஎன்எஸ் 319 என்ற எண்ணில் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'பட்டர் பாப்கார்ன்' என்று பெயர் இருந்தாலும் உள்ளே வெண்ணெய் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாமாயிலும் வெண்ணெய் மணமும் மட்டுமே இருக்கலாம். 'பட்டர் ஃபிளேவர்' என்று எழுதியிருக்கிறதா, பொருட்பட்டியலில் 'பட்டர்' என்று தனியாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பைக்கும் இதில் பங்கு உண்டு

மைக்ரோவேவ் அடுப்புக்கும் பாப்கார்னுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் கருவிகளோடு வேலை பார்த்த பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், 1945-ல் மைக்ரோவேவ் அலைகளால் உணவைச் சூடாக்க முடியும் என்று கண்டுகொண்டபோது, முதலில் சோதித்துப் பார்த்த பொருட்களில் ஒன்று பாப்கார்ன்தான்.

ஆனால், மைக்ரோவேவ் மட்டும் இருந்தால் மணிகள் சரியாகப் பொரியாது. அதற்காகவே பையின் அடிப்பக்கத்தில் ஒரு சூடேற்றும் பட்டை வைத்திருக்கிறார்கள். மெல்லிய அலுமினியப் படலம் பூசிய பிளாஸ்டிக் தாள் அது. காகிதங்களுக்கு நடுவில் ஒட்டியிருக்கும். மைக்ரோவேவ் பட்டதும் அது சட்டென்று சூடாகி, தோசைக்கல் மாதிரி வேலை செய்கிறது. 'இந்தப் பக்கம் கீழே இருக்கட்டும்' என்று பையில் எழுதியிருப்பது இதற்காகத்தான்.

மைக்ரோவேவ் கதிர் உணவுக்குள் தங்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. எக்ஸ்ரே போல அணுக்களைச் சிதைக்கும் சக்தி இந்த அலைகளுக்குக் கிடையாது. பட்டனை அணைத்ததும் அலையும் நின்றுவிடும். மிஞ்சுவது சூடு மட்டுமே.

மிசௌரி தொழிற்சாலையில் என்ன நடந்தது?

2000-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் மிசௌரி மாநில சுகாதாரத் துறைக்கு ஒரு மருத்துவர் தகவல் ஒன்றைத் தெரிவித்தார். எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்ணிய காற்றுக்குழாய்கள் தழும்பேறி, சுருங்கிப் போயிருந்தன. மருத்துவத்தில் இதற்கு 'பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ்' என்று பெயர். மிக அரிதான நோய். அந்த எட்டுப் பேருக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான்: எல்லாரும் ஜாஸ்பர் என்ற சிற்றூரில் இருந்த ஒரே மைக்ரோவேவ் பாப்கார்ன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் நான்கு பேர் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள்.

தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனமான நையோஷ் விசாரணையில் இறங்கியது. தொழிற்சாலையில் பெரிய தொட்டிகளில் சோயா எண்ணெயைச் சூடாக்கி, உப்பு, நிறமி, வெண்ணெய் மணமூட்டி எல்லாவற்றையும் கலப்பார்கள். தொட்டியைத் திறந்து மணமூட்டியை ஊற்றும்போது மேலே எழும் ஆவியை அருகில் நிற்பவர் நேராகச் சுவாசிக்க வேண்டியிருந்தது. அந்த ஆவியில் முக்கியமாக இருந்தது டையசெட்டைல் என்ற வேதிப்பொருள்.

டையசெட்டைல் ஒன்றும் புதுப் பொருள் அல்ல. பால் புளிக்கும்போது சில வகை பாக்டீரியாக்கள் இதை இயற்கையாகவே உண்டாக்குகின்றன. வெண்ணெய்க்கு வெண்ணெய் மணம் வருவதே பெரும்பாலும் இதனால்தான். நாம் சாப்பிடும் வெண்ணெயில் இது மிகச் சிறிய அளவில் இருக்கிறது. வயிற்றுக்குள் போனால் பிரச்சினை இல்லை. ஆனால், செறிவான ஆவியாக, நாள் முழுக்க, வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால் கதை வேறு.

2002-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு முடிவுகள் அதிர்ச்சி தந்தன. அந்தத் தொழிலாளர்களிடம் மூச்சுக்குழாய் அடைப்பு, நாட்டின் பொதுவான விகிதத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. வாழ்நாளில் சிகரெட்டே தொடாதவர்களிடம் இது 10.8 மடங்கு. அதாவது, "புகை பிடிச்சிருப்பாங்க, அதனால வந்திருக்கும்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மணமூட்டி கலந்தவர்களோடு நிற்கவில்லை. பொரிகிறதா என்று பார்ப்பதற்காக நாள் முழுக்க மைக்ரோவேவில் பை பையாகப் பொரித்துக்கொண்டிருந்த தரப் பரிசோதனைப் பணியாளர்களும் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

இந்த நோயின் கொடுமை, அது வரும் விதம்தான். முதலில் வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்துமா என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள், சரியாகாது. தழும்பான குழாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. சீக்கிரமே கண்டுபிடித்து அந்த வேலையிலிருந்து விலகினால், மேலும் மோசமாகாமல் தடுக்கலாம்.

அப்போ, வீட்டில் சாப்பிடுபவர்களுக்கு வராதா?

சாதாரணமாக எப்போதாவது ஒரு பை பொரித்துச் சாப்பிடுபவருக்கு இந்த நோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரேயொரு விதிவிலக்கான வழக்கு பெரிதாகப் பேசப்பட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், பல ஆண்டுகளாகத் தினமும் இரண்டு பை மைக்ரோவேவ் பாப்கார்ன் பொரித்துச் சாப்பிட்டு வந்தார். பையைத் திறந்ததும் வரும் வெண்ணெய் ஆவியை ஆசையாக முகர்வது அவர் வழக்கம். அவருடைய நுரையீரல் பாதிப்பு தொழிலாளர்களின் பாதிப்பைப் போலவே இருப்பதைக் கவனித்த டென்வர் மருத்துவர் ஒருவர், 2007-ல் மத்திய அரசு அமைப்புகளுக்குக் கடிதம் எழுதினார். 2012-ல் நீதிமன்ற நடுவர் குழு அவருக்கு 72 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

இதற்குள், 2007-லேயே அமெரிக்காவின் பெரிய பாப்கார்ன் நிறுவனங்கள் டையசெட்டைலைக் கைவிடுவதாக அறிவித்தன. அதற்குப் பதிலாகச் சில இடங்களில் வந்தது 2,3-பென்டேன்டையோன் என்ற இன்னொரு மணப்பொருள். வேதியியல்படி இது டையசெட்டைலின் தம்பி மாதிரி. எலிகளை வைத்து நடத்திய சோதனைகளில் இதுவும் அதேபோல் மூச்சுக்குழாயைப் பாதிப்பது தெரிந்தது. அதனால் 2016-ல் நையோஷ், பணியிடக் காற்றில் இந்த இரண்டுக்குமே உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. டையசெட்டைலுக்கு அந்த வரம்பு 100 கோடியில் வெறும் 5 பங்கு.

பாடம் பாப்கார்னோடு முடியவில்லை. மணமூட்டித் தயாரிப்புக் கூடங்களிலும், காபிக்கொட்டை பதப்படுத்தும் ஆலையிலும் இதே நோய் பின்னர் கண்டறியப்பட்டது. உணவில் 'பாதுகாப்பானது' என்று அனுமதித்த பொருளை மூச்சில் இழுக்கும் தொழிலாளிக்கு அது பாதுகாப்பானதா என்று யாரும் கேட்காமல் விட்டதுதான் ஜாஸ்பரில் நடந்த தவறு.

சரி, பையின் காகிதத்தில் என்ன பூசியிருக்கிறார்கள்?

கேன்சர் பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. எண்ணெய் ஊறி வெளியே கசியாமல் இருக்க, பையின் உட்புறத்தில் பிஃபாஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களைப் பூசும் வழக்கம் இருந்தது. இவை எளிதில் சிதையாது. உடம்புக்குள் போனால் வெளியேறப் பல வருடங்கள் ஆகும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ என்ற சேர்மத்தை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல் வகைப்படுத்தியது.

அமெரிக்க மக்களின் ரத்தப் பரிசோதனைத் தரவுகளை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், பாப்கார்ன் அதிகம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் சில பிஃபாஸ் சேர்மங்கள் கூடுதலாக இருந்தன. இதனால் அவர்களுக்குப் புற்றுநோய் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால், பையிலிருந்து உணவுக்கு, உணவிலிருந்து உடம்புக்கு என்று ஒரு பாதை இருப்பதற்கான அறிகுறி அது.

டென்மார்க் 2020-ல் உணவுக் காகிதங்களில் இவற்றுக்குத் தடை போட்டது. பிஃபாஸ் கலந்த எண்ணெய் புகாப் பூச்சுகள் உணவுக் காகிதங்களுக்காக இனி அமெரிக்கச் சந்தையில் விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. எல்லா நாட்டிலும் இதே நிலை என்று சொல்லிவிட முடியாது. பையில் 'பிஃபாஸ் இல்லை' என்று குறிப்பிட்டிருந்தால் நல்லது.

யாருக்கு ஒவ்வாமை வரலாம்?

மக்காச்சோளத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் மிகக் குறைவு. அதில் கோதுமையில் உள்ளது போன்ற குளூட்டன் கிடையாது. அதனால் சீலியாக் நோய் உள்ளவர்கள்கூட வெறும் பாப்கார்ன் சாப்பிடலாம். சிக்கல், கூடச் சேரும் பொருட்களில்.

முதல் எதிரி பால். வெண்ணெய், சீஸ், கேரமல் வகைகளில் பால் புரதம் இருக்க வாய்ப்பு அதிகம். லேபிளில் 'மில்க்' என்றே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசீன், சீஸ் பவுடர் என்று பல பெயர்களில் வரும். பால் குடித்தால் வயிறு உப்புசம் என்பது வேறு. பால் ஒவ்வாமை என்பது வேறு. முன்னது லாக்டோஸ் செரிக்காத தொந்தரவு. பின்னதில் தோல் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமில்லை. அது சைவம் என்பதற்கான குறி. இந்திய விதிப்படி பாலும் சைவம்தான். பால் சேர்க்காத உணவுக்கு 'வீகன்' என்று தனி முத்திரை இருக்கிறது. அதுகூட, அதே இயந்திரத்தில் பால் பொருள் ஓடியிருக்காது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

இரண்டாவது சோயா. எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்க லெசித்தின் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. மூன்றாவது, மசாலா வகைகளில் கோதுமைப் பொருட்கள் சேரலாம். கேரமல் வகையில் வேர்க்கடலை, பாதாம் போன்றவையும் சேரலாம்.

எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் ஆகியவை இருந்தால், ஒவ்வாமைத் தகவலாகத் தனியே சொல்ல வேண்டும். பொருட்பட்டியலின் கீழே 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் வரி அதுதான். 'மே கன்டெய்ன்' என்று இருந்தால், சேர்க்கவில்லை, ஆனால் கலந்திருக்க வாய்ப்புண்டு என்று பொருள். கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தப் பையும் வேண்டாம்.

தினசரிக் கணக்கில் உண்மையான வில்லன் யார்?

மேலே சொன்ன பயங்களைவிட, சாதாரணமாகச் சாப்பிடுபவரை அதிகம் பாதிப்பது உப்பும் கொழுப்பும்தான்.

எண்ணெய் இல்லாமல், வெறும் சூடான காற்றில் பொரித்த பாப்கார்ன் ஒரு கப்பில் சுமார் 30 கலோரிதான். முழுத்தானியம், 100 கிராமில் 14 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. இதே பாப்கார்ன் எண்ணெயில் ஊறும்போது கலோரி எகிறிவிடுகிறது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. முன்பு பல நாடுகளில் வனஸ்பதி போன்ற, ஓரளவு ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெயைச் சேர்த்தார்கள். இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு அதிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவில் 2018-ல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

உப்புக் கணக்கு எளிது. லேபிளில் சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. உதாரணத்துக்கு, 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், 100 கிராம் பையை ஒருவரே காலி செய்யும்போது 2 கிராம் உப்பு உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 5 கிராமுக்குக் கீழ்தான். படம் பார்த்துக்கொண்டே கொறித்ததில் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது. ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

'ஒரு சர்விங்' என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு பையில் இரண்டு, மூன்று சர்விங் இருக்கலாம். பையின் மொத்த எடையோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு பழைய பயம், பாப்கார்ன் குடலில் சிக்கி அழற்சி உண்டாக்கும் என்பது. பெருங்குடலில் சிறு பைகள் உள்ளவர்களுக்கு மருத்துவர்களே இதைத் தவிர்க்கச் சொன்ன காலம் உண்டு. 47 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2008-ல் வெளியானது. பாப்கார்ன் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆபத்து கூடவில்லை என்று அது காட்டியது.

நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது

பல வீடுகளில் கவனிக்காமல் விடும் ஆபத்து இது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாப்கார்ன் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது. காரணம் வேதிப்பொருள் எதுவும் இல்லை, பாப்கார்னின் வடிவம்தான். லேசானது, ஒழுங்கற்றது. அரைத்து மெல்லக் கடைவாய்ப்பல் முழுசாக வராத குழந்தை, சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சை இழுத்தால் நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பொரியாத மணியும் அப்படித்தான். அண்ணன், அக்கா சாப்பிடும்போது கீழே சிந்தியதைத் தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவும் வாய்ப்புண்டு. சாப்பிட்ட பிறகு திடீர் இருமலோ, விசில் மாதிரி மூச்சுச் சத்தமோ வந்தால், இருமல் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

* பொரிந்ததும் பையை ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். பையிலிருந்து வெளியேறும் வேதி ஆவியின் பெரும்பகுதி திறக்கும் நொடியில்தான் வருகிறது. நீராவி சுட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

* பொரியாத மணிகளுக்காகப் பையை மறுபடி மைக்ரோவேவில் வைக்காதீர்கள். கருகும், தீப்பிடிக்கவும் கூடும். இரண்டு 'டப்' சத்தத்துக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி வந்தாலே நிறுத்திவிடலாம்.

* மளிகைக் கடை பழுப்புக் காகிதப் பையில் மணிகளைப் போட்டு மைக்ரோவேவில் வைக்கும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம். அந்தக் காகிதம் சூட்டுக்காகத் தயாரித்தது அல்ல.

* ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், வழக்கமாக வாங்கும் அதே பிராண்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் படியுங்கள். மணம் மாறினால் பொருட்களும் மாறும்.

* எல்லாவற்றையும்விட எளிய வழி அடுப்புதான். மளிகைக் கடையில் பாப்கார்ன் சோளம் என்று கேட்டால் வெறும் மணியாகவே கிடைக்கும். அடிகனமான பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, மூன்று மணிகளைப் போடுங்கள். அவை பொரிந்ததும் ஒரு கைப்பிடி மணி சேர்த்து, ஆவி போக இடுக்கு விட்டு மூடி, அவ்வப்போது குலுக்கினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மஞ்சள்தூள், மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. இதில் மணமூட்டியும் இல்லை, பூசிய பையும் இல்லை. எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு என்பதும் உங்கள் கையில்தான்.